பதினோரு வருசத்துச் சட்டை

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி இருக்கும், முள்ளோடை உப்பளத்தின் பாத்திகளில் நாற்பது பெண்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த நேரத்தில், கங்காணி லிங்கத்துரை வரப்பு வழியாக வந்து அவர்களோடு வாரிக்கொண்டிருந்த சுடலைவடிவின் முதுகில் கத்தியால் குத்தினான், கத்தி உள்ளே இறங்காமல் நமுத்த அப்பளம் மாதிரி மடங்கிப்போனது. கத்தியில் கோளாறு ஒன்றும் இல்லை. முந்தின நாள்தான் சாணை பிடித்து, ஒரு வாழைத்தண்டைச் சீவிப் பார்த்து வைத்திருந்தான். ஆனாலும் அவள் போட்டிருந்த நீலச் சட்டையின் நடுமுதுகில் அது மடங்கியதுதான் நடந்தது, நாற்பது பேரும் பார்த்தார்கள், ஒருத்திகூட அதிசயப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. வடிவு நிமிர்ந்து திரும்பினாள், கத்தியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வேலை நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்டாள், கேட்டுவிட்டு வாருபலகையை இழுத்து அடுத்த பாத்தியை வாரப் போய்விட்டாள்.

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொள்வார்கள், தலையைத் துண்டால் சுற்றிக்கொள்வார்கள். வெயிலுக்காக என்பார்கள், உப்புத்தண்ணீர் தெறிக்கும் என்பார்கள், குனிந்து நிற்கும்போது கங்காணியின் கண் எங்கே மேய்கிறது என்பதற்காகவும்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சட்டையைத் துவைக்கிற பழக்கமும் கிடையாது. முள்ளோடைக்கு நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும், வீட்டுக்கு நாலு குடம், அதில் சட்டைக்கு எங்கே போக? சாயங்காலம் கழற்றி உதறி வேலிமுள்ளில் போட்டால் காலையில் விறைத்து நிற்கும், அப்படியே மாட்டிக்கொண்டு போவார்கள். வடிவின் சட்டை பதினோரு வருசம் அப்படிக் காய்ந்த சட்டை. பொத்தான்கள் போய் ஊக்குகள் வந்திருந்தன, நீலம் வெளுத்திருந்தது, கையில் எடுத்தால் ஒரு சின்னப் பிள்ளையின் கனம் கனத்தது. போட்டுக்கொண்டு நடந்தால் காய்ந்த பனையோலை சலசலக்கிற மாதிரி கேட்கும்.

லிங்கத்துரைக்கு அவள்மேல் என்ன கோபம் என்றால், அவள் பார்த்துவிட்டாள் என்கிற கோபம். போன புரட்டாசியில் பூரணம் என்கிற பெண், வடிவுக்குப் பக்கத்துப் பாத்தியில் வாருகிறவள், குடிதண்ணீர்ப் பானையை, உப்பு குவிக்கிற தட்டுமேட்டில் வைக்காமல் பாத்திக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்கப் போனாள். மூன்றாவது தடவையாகக் கேட்கப் போனாள். லிங்கத்துரை அவள் கையில் இருந்த வாருபலகையையே பிடுங்கி அவள் பின்மண்டையில் போட்டான். எல்லாரும் குனிந்திருந்தார்கள், வடிவு மட்டும் இடுப்புப் பிடிப்புக்காக அந்த நேரம் பார்த்து நிமிர்ந்திருந்தாள். வழுக்கி விழுந்து செத்தாள் என்று போலீசில் எழுதினார்கள். வடிவு டவுன் ஸ்டேஷனுக்குப் போய் அப்படி இல்லை என்று சொன்னாள், சொன்னதை எழுதச் சொன்னாள், எழுதியதில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு லிங்கத்துரை பதினாறு நாள் உள்ளே இருந்தான், பதினேழாம் நாள் ஜாமீனில் வந்து மறுபடி வரப்பில் நின்றான். கேஸில் அவனுக்கு எதிரே இருந்தது அவள் ஒருத்தியின் வாய்தான்.

கத்தி மடங்கிய அன்றைக்கே வடிவு ஸ்டேஷனுக்கும் போனாள். எங்கே காயம் என்று கேட்டார்கள். காயம் இல்லை என்றாள். காயம் இல்லாமல் கேஸ் எப்படி எழுதுவது என்று கேட்டு, மடங்கிய கத்தியை மட்டும் வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த டிராயர் திறக்கவில்லை என்கிறார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முள்ளோடை எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டது, முதலில் பேசியது, பிறகு பழகியது. கூட உப்பு வாருகிற அந்தோணியம்மாளின் சட்டை பதினாலு வருசத்துச் சட்டை, அவளை முட்ட வந்த மாட்டின் கொம்பு முனை மழுங்கிப்போனது. ஏழு வருசத்துக்கு மேல் காய்ந்த சட்டை எல்லாமே அப்படித்தான் என்று பங்குனிக்குள் தெரிந்துவிட்டது. பெண்டாட்டிமேல் கைநீட்டுகிற வழக்கமுள்ள ஏழு ஆண்கள் ஒரே வாரத்தில் மணிக்கட்டு வீங்கி அரசாங்க ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் சட்டையைக் கழற்றுகிற பெண்கள் சோறு பொங்கி இறக்கும்வரை கழற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். கொடைவிழாவில் அம்மனுக்குப் பட்டுச்சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை சாத்த வேண்டும் என்று பெண்கள் கேட்க, ஆகமத்தில் இல்லை என்று பூசாரி சொல்ல, ஆகமத்தில் அம்மன் உப்பு வாரினாளா என்று ஒருத்தி கேட்க, கடைசியில் சாத்தினார்கள். அம்மனுக்கு அது எடுப்பாகவே இருந்தது.

முதலாளி டவுனிலிருந்து நாற்பத்தொரு பச்சைக் கோட்டு அனுப்பினார். உப்பு தின்கிற பொருள், அழுக்குச் சட்டையோடு பாத்தியில் இறங்கக் கூடாது, இனிமேல் இதுதான் உடுப்பு என்று சொல்லச் சொன்னார். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள், நல்லா இருக்கு என்றும் சொன்னார்கள். மறுநாளிலிருந்து முள்ளோடையில் சோற்றுப்பானை இறக்குகிற பிடிதுணி எல்லாம் பச்சையாக இருந்தது.

இதற்கிடையில் வடிவின் புருசன் தங்கப்பழம் வந்து சேர்ந்தான். ஆறு வருசம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் டவுனுக்குப் போய் இன்னொருத்தியோடு இருந்தவன், புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அது என் சட்டை, அதில் இருக்கிற பலம் என் பலம் என்றான். ஆண்களுக்கு அது ரொம்பவும் நியாயமாகப் பட்டது. ஒரு பொம்பளையின் முதுகில் கத்தி மடங்கியது என்பதைவிட ஒரு ஆம்பளையின் சட்டையில் கத்தி மடங்கியது என்பது அவர்களுக்குச் சுலபமாகச் செரித்தது, அவனுக்கு டீயும் வடையும் தானாக வந்தன, கல்யாணத்துக்கு நிற்கிற பையன்களை அவன் காலில் விழவைத்தார்கள். அவன் சட்டையைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசலில் நின்றான். வடிவு யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தாள். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் போட்டுக்கொண்டு, சாக்கு தைக்கிற கோணியூசியால் குத்திப் பார்க்கச் சொன்னான். ஊசி இரண்டு விரல்கடை இறங்கியது. எட்டாவது ஆளாக அவனும் ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் போனான்.

அப்போதாவது ஊர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. புருசன் சட்டை பெண்டாட்டியைத்தான் காக்கும், புருசனையே எப்படிக் காக்கும் என்று டீக்கடையில் ஒரு விளக்கம் தயாரானது, எல்லாரும் தலையாட்டினார்கள். உப்பளத்துப் பெண்களுக்கு உண்மை தெரியும். நம்ம உடம்பில் இருந்து இறங்கின உப்பு நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று அந்தோணியம்மாள் ஒரு நாள் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னதுதான் அவர்களுக்கு விளக்கம், அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் அதை வரப்புக்கு வெளியே யாரும் சொல்லவில்லை. வடிவும் சொல்லவில்லை. ஊர் என்னவும் பேசட்டும் என்று விட்டுவிட்டாள், வீட்டில் கூடவே இருக்கிற தங்கச்சி பேச்சிக்கனியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தச் சும்மா இருத்தல்தான் அவள் செய்த தப்பு.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று தாள் வந்தது. லிங்கத்துரைக்கும் வந்தது. அவன் வரப்பில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கோர்ட்டு வாசலைத் தாண்டி நீ உள்ளே போனால்தானே என்றான். வடிவு சட்டையின் ஊக்குகளைச் சரிபார்த்தாள்.

பேச்சிக்கனி டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். உப்பளத்தில் ஒரு நாளும் இறங்காதவள், இறங்க விடக்கூடாது என்று வடிவு பொத்தி வளர்த்தவள். அக்கா நாலு பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கப்போகிறாள், அழுக்குச் சட்டையோடு போனால் கேவலமாகப் பார்ப்பார்கள், வெள்ளையும் சொள்ளையுமாகப் போக வேண்டும் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை வடிவு அளத்தில் மறுநாளுக்குப் பாதி நாள் லீவு கேட்டு நின்றிருந்தபோது, மறுநாளுக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று அக்கா கொடியிலேயே விட்டுவிட்டு வேறொரு பழைய சட்டையில் போயிருந்த நீலச் சட்டையை எடுத்தாள். வீட்டுக்கு வந்த நாலு குடம் நல்ல தண்ணீரையும் அதற்கே ஊற்றினாள். மூன்று தடவை சோப்புப் போட்டாள், நீலம் போட்டாள், கஞ்சி போட்டாள், ஊக்குகளை எடுத்துவிட்டு ஐந்து புதுப் பொத்தான் தைத்தாள், கடையில் கொடுத்து இஸ்திரி போட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்தாள், சாயங்காலம் அக்கா தேடியபோது பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்த அக்காவிடம் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

வடிவு கையில் வாங்கினாள். சட்டையில் கனமே இல்லை.

பதினோரு வருசத்து வெயில், பதினோரு வருசத்துக் குனிவு, கொல்லைச் சாக்கடையில் ஓடிப்போயிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் விட்டுவிட்டாள். அவளைச் சொல்லி என்ன செய்ய? புருசன் சட்டை என்று ஊர் சொன்னது, புருசன் சட்டையைத் துவைத்தால் என்ன ஆகிவிடும்? உண்மையைச் சொன்னபோது பேச்சிக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போகாதே அக்கா, வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம், இன்னொரு நாளைக்கு வாய்தா வாங்கலாம் என்று அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் போகலைன்னா பூரணம் வழுக்கி விழுந்தவளாவே போயிருவா" என்றாள் வடிவு. "எந்திரி. பொத்தானைப் பூட்டிவிடு."

நாற்பது பேரும் அன்று அளத்துக்குப் போகவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, எட்டு மணி பஸ்ஸுக்கு ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள், நல்ல சேலை கட்டி அதன்மேல் அவரவர் உப்புச் சட்டையைப் போட்டு நின்றார்கள். பஸ்ஸில் வடிவு ஏறி நடந்தபோது ஓலைச் சத்தம் வரவில்லை. முன்சீட்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவள் பார்த்தாள். வண்டி பாதி தூரம் போனபோது நடந்ததை வடிவே சொன்னாள். ஒருத்தி உடனே தன் ஊக்கைக் கழற்றி, என்னுடையதைப் போட்டுக்கொள் என்றாள். தங்கப்பழத்துக்கு இறங்கின ஊசியை இன்னொருத்தி ஞாபகப்படுத்தினாள். அவரவர் உப்பு அவரவருக்குத்தான் என்றால் என்னதான் செய்வது என்று சிலர் அழத் தொடங்கினார்கள்.

அந்தோணியம்மாள் எழுந்து வந்து வடிவின் காலரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கஞ்சி மொடமொடத்தது.

"ஏட்டி, என்னத்துக்கு ஒப்பாரி வைக்கிய?" என்றாள். "நம்ம தொழில் என்ன? ஈரம் வேணும், வெயிலு வேணும், கச்சான்காத்து வேணும். மூணும் வெளிய கெடக்கு. பாத்தியில எந்தக் கெணத்துத் தண்ணின்னு பாத்தா உப்பு பூக்குது? கண்டக்டர் தம்பி, பாலத்துல நிறுத்துங்க, நாங்க எறங்குதோம்."

பாலத்திலிருந்து கோர்ட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நிழல் இல்லாத ரோடு, பக்கவாட்டில் மேற்கிலிருந்து கச்சான்காற்று புழுதியைத் தூக்கி அடிக்கிற ரோடு, ஆட்டோக்காரர்கள்கூட அந்த நேரத்தில் சுற்றிப் போகிற ரோடு. வடிவை நடுவில் விட்டு நாற்பது பேரும் நடந்தார்கள், வேகமாக நடந்தார்கள், வியர்ப்பதற்காகவே நடந்தார்கள். முதல் அரைக் கிலோமீட்டரில் அந்தோணியம்மாள் தன் புருவத்து வியர்வையை வழித்து வடிவின் தோளில் தடவினாள், அடுத்தவள் கழுத்து மடிப்பிலிருந்து வழித்து முதுகில் தடவினாள், அடுத்தவள் முழங்கை மடிப்பிலிருந்து, அடுத்தவள் மாருக்கு நடுவிலிருந்து கூச்சமில்லாமல் கைவிட்டு வழித்து விலாவில் தடவினாள், கடைசியாக வந்தவளிடம் வியர்வையோடு கண்ணீரும் இருந்தது, அதுவும் உப்புத்தானே என்று அதையும் தடவினாள். நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைத்தார்கள், மறுபடி காய்ந்தது. வழியில் போனவர்கள் கல்யாணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கிறார்களோ என்று நின்று பார்த்தார்கள். வடிவின் சொந்த வியர்வை உள்ளேயிருந்து வந்தது, நாற்பது பேருடையது வெளியேயிருந்து போனது, இரண்டாவது கிலோமீட்டரில் தோள் தையலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பூக்குதுட்டி என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கோர்ட்டுக் காம்பவுண்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தபோது நடுமுதுகில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு உப்பு பூத்திருந்தது, அவள் நடந்தபோது லேசாக, கூர்ந்து கேட்டால் கேட்கிற அளவுக்கு, ஓலைச் சத்தம் வந்தது.

லிங்கத்துரை வாசல் வேப்பமரத்தடியில் நின்றான். வலது கை இடுப்பு மடிப்புக்குள் இருந்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தார்கள், வடிவு அவர்களை விலக்கிவிட்டு நேரே அவனிடம் நடந்தாள். போகிறபோது அவளுக்குத் தெரியாது, இந்த உப்பு அவளைத் தெரிந்து வைத்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஒரு முழ தூரத்தில் நின்று, திரும்பி, முதுகைக் காட்டினாள்.

"அன்னைக்குக் குத்தின எடம் அதுதான்" என்றாள். "குத்து. குத்திட்டு வா, உள்ள போவோம். எனக்கு நேரமாச்சு."

அவன் அந்த வெள்ளை உப்புப் பூவைப் பார்த்தான். அவள் பின்னால் நின்ற நாற்பது சட்டைகளைப் பார்த்தான். இடுப்பிலிருந்த கை வெளியே வந்தபோது அதில் ஒரு கைக்குட்டைதான் இருந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்குக் குத்தியிருந்தால் சட்டை தாங்கியிருக்குமா என்று முள்ளோடையில் இன்னும் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் எல்லாரும் ஆண்கள்.

வடிவு கூண்டில் ஏறி நின்றதும் லிங்கத்துரையின் வக்கீல்தான் முதலில் எழுந்தார். கோர்ட்டுக்கு வருகிற கோலமா இது என்று கேட்டார், சேலைமேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது அவமரியாதை என்றார், அது மந்திரச் சட்டை என்று ஊரில் பேச்சு, கவசத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்கிற சாட்சியை எப்படி நம்புவது என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அது யாருடைய சட்டையம்மா என்று கேட்டார். வராந்தாவில் தங்கப்பழம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான், அவன் பெயர் சொல்லப்படும் என்று காத்திருந்தான்.

"என் சட்டைய்யா" என்றாள் வடிவு.

ஆண்கள் சட்டையாக இருக்கிறதே என்றார் நீதிபதி.

"வாங்குனது ஒரு ஆளு. போட்டு ஒழச்சது நான். இதுல இருக்க உப்பு என்னோடது, வெளிய நிக்க நாப்பது பேரோடது. வேற யாரோடதும் இல்லைய்யா."

சொல்லிவிட்டு, வக்கீல் கேட்டதற்காக, பேச்சிக்கனி தைத்த ஐந்து பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை உதறாமல் மடித்தாள். கூண்டின் கம்பிமேல் வைத்தாள், கொஞ்சம் உப்பு உதிர்ந்து கம்பியில் வெள்ளையாகக் கிடந்தது. வராந்தாவில் நாற்பது ஓலைகள் ஒன்றாகச் சலசலத்தன, டவாலி அமைதி என்று கத்த வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டான். வெறும் ரவிக்கையும் சேலையுமாக, ஒளிய ஒரு நூலும் இல்லாமல், வடிவு லிங்கத்துரையின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுதேன், எழுதிக்கோங்க" என்றாள். "பூரணம் வழுக்கி விழலை. தண்ணி கேட்டா."